எவரும் காயப்படாத வீதி



அண்மையில் ஒரு மாலை வேளையில், சுகவீனமுற்றிருந்த மூதாட்டி ஒருவரைப் பார்த்துவரச் சென்றிருந்தேன். விடைபெற்றுப் புறப்படும்போது அடுத்த அறையிலிருந்து கார் ஒன்று உறுமும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பேரப்பிள்ளை, மேசை விளிம்பில் இறுக்கிய ஸ்ரியறிங் ஒன்றைப் பிடித்தபடி, கணனித் திரையில் கண்ணிமைக்காது பந்தயக் கார் ஓடிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, "ஒருக்கா ஓடிப் பாருங்கோ, சுவாமி" என்று இடம் தந்தான்.

பல வருடங்களாக மோட்டார் சைக்கிளும் காரும் ஓடியவன் என்ற துணிவில் அமர்ந்தேன். முதல் வளைவிலேயே கார் பம்பரம்போலச் சுழன்று புல்வெளியில் போய் நின்றது. இரண்டாம் முறையும் அதே கதி. ஐந்தாம் முறையும் அதே. "வளைவுக்குள்ள போனாப் பிறகு பிறேக் பிடிக்கக் கூடாது, சுவாமி. நேரா வரேக்கையே பிடிச்சு முடிச்சிட வேணும்" என்று அவன் பொறுமையோடு சொல்லித் தந்தான். வாசலில் நின்ற தாயாரோ, "நாள் முழுக்க இந்தப் பொய்க் கார்தான், சுவாமி. நீங்களாவது சொல்லுங்கோ" என்றார்.

அந்தத் தாய்க்கு அன்று நான் தக்க மறுமொழி சொல்லவில்லை. உண்மையில், என்ன சொல்வது என்று எனக்கே தெளிவில்லை. பொய்க் கார் என்பது சரியா? பொய்யானது ஒன்றிடம் ஓர் இளைஞன் இத்தனை பணிவோடு பாடம் கேட்பானா? இதையே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

விளையாட்டு என்றால் இலகுவாக இன்பம் தருவது என்றே நாம் எண்ணுகிறோம். இவ்வகை விளையாட்டோ கடினமாய் இருப்பதாலேயே கவருகிறது. 1998ஆம் ஆண்டில், பாப்பிரஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய 'கிராண்ட் பிறி லெஜன்ட்ஸ்' என்ற கணனி விளையாட்டு வெளிவந்தது. 1967ஆம் ஆண்டின் போர்முலா வன் பந்தயங்களை அது திரைக்குக் கொண்டுவந்தது. அக்காலப் பந்தயக் கார்களில், காற்றின் விசையால் காரை நிலத்தோடு அழுத்திப் பிடிக்கும் சிறகுத் தகடுகள் இல்லை. இயந்திரத்தின் வலுவோ பெரிது. அதில் முதன்முதல் அமர்ந்தவர்களுள் பெரும்பாலோர் ஒரு சுற்றைக்கூட ஒழுங்காக முடிக்க முடியாது திண்டாடினர். அதில் இடம்பெற்ற ஜேர்மனியின் நூர்பேர்க்றிங் வீதியில் ஒரு சுற்று ஏறத்தாழ 22.8 கிலோமீற்றர். அதன் வளைவுகளை மனனம் செய்யவே வாரக்கணக்கில் உழைத்தவர்கள் உண்டு.

இந்தக் கடினம் எங்கிருந்து வருகிறது? ஒரு ரயர் நிலத்தைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. அந்தச் சிறிய இடத்தின் பிடிமானந்தான் காருக்கு உள்ள முதல் எல்லாம். பிறேக் பிடித்தால் அதில் ஒரு பங்கு செலவாகும். திருப்பினால் ஒரு பங்கு செலவாகும். அனைத்தையும் பிறேக்குக்கே செலவிட்டவனிடம் திரும்புவதற்கு மிச்சம் எதுவும் இராது. அன்றியும், பிறேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரங்களுக்கு மாறுகிறது. பின் சக்கரங்கள் இலேசாகின்றன. அவ்வேளையில் திடீரெனத் திருப்பினால் காரின் பின்பகுதி முன்பகுதியை முந்திக்கொண்டு வரும். எனக்கு நேர்ந்தது அதுவே. இந்த இயற்கை விதிகளைக் கணக்குகளாக மாற்றி, ஒரு செக்கனுக்குள் பல நூறு தடவை கணித்துக் காட்டுவதே இவ்விளையாட்டுகளின் உள்வேலை.

ஜப்பானியரான கசுனோரி யமாவுச்சியின் தலைமையில் உருவாகி 1997ஆம் ஆண்டில் வெளிவந்த 'கிரான் ரூறிஸ்மோ'வில் இன்னுமோர் ஒழுங்கு இருந்தது. பெரிய பந்தயங்களுக்குள் நுழைவதற்கு முன் அனுமதிப்பத்திரப் பரீட்சைகளில் சித்தியெய்த வேண்டும். அவற்றுள் ஆரம்பப் பாடம், வேகமெடுத்த காரைக் குறித்த எல்லைக்குள் நிறுத்திக் காட்டுவது. எண்ணிப் பாருங்கள்: வேகத்தை நாடி வந்த சிறுவன், காரை நிறுத்தப் பழகுவதில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுகிறான்!

ஆதலால் இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இதன் கவர்ச்சியின் ஆழத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. அந்த இயந்திரம் எவரையும் முகத்துதி செய்வதில்லை. யாருடைய பிள்ளை என்று கேட்பதுமில்லை. ஆயிரத்தில் ஒரு செக்கன் பிந்தினாலும் பிந்தியதென்றே காட்டும். பரீட்சையில் தவறினால் வினாத்தாளைக் குறை சொல்லலாம். இங்கே குறை சொல்ல எவரும் இல்லை. தன் பிழையைத் தன் பிழையென ஏற்று, அதைத் திருத்த மறுபடி முயலும் ஓர் இளைஞனை நாம் ஏளனம் செய்தல் தகாது.

இத்திறமை திரையோடு முடிந்துவிடுவதுமில்லை. சோனி நிறுவனமும் நிசான் நிறுவனமும் 2008ஆம் ஆண்டில் ஒரு போட்டியைத் தொடங்கின. 'கிரான் ரூறிஸ்மோ'வில் சிறந்து விளங்கியோரைத் தேர்ந்து, மெய்யான பந்தயக் காரில் பயிற்றுவிப்பதே அதன் நோக்கம். முதலில் தெரிவான ஸ்பானிய இளைஞர் லூக்காஸ் ஓர்டோனியஸ், 2011ஆம் ஆண்டில் பிரான்சின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தமது பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் இருந்தார். 2011ஆம் ஆண்டின் வெற்றியாளரான பிரித்தானிய இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013ஆம் ஆண்டில் அதே பந்தயத்தில் தமது பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற அணியில் ஓடினார். திரையில் கற்ற கை, தார் வீதியிலும் அதே கைதான்.

அப்படியானால் தாயாரின் கவலை அர்த்தமற்றதா? இல்லை. அவர் சொல்ல நினைத்தது வேறு. சொல் மட்டுமே பொருத்தமாய் அமையவில்லை.

அரிஸ்டோட்டில் கூறி, பின்னர் புனித தோமஸ் அக்குவினாஸ் விளக்கிய ஒரு வேறுபாட்டைக் குருமடத்தில் படித்தபோது, அதை ஏதோ ஏட்டு நுணுக்கம் என்றே எண்ணியிருந்தேன். கலைத்திறன் வேறு, விவேகம் வேறு என்கின்றனர் அவர்கள். கலைத்திறனில், தெரிந்துகொண்டே பிழை விடுபவன் தெரியாமல் பிழை விடுபவனிலும் மேலானவன். இலக்கணம் அறிந்தவன் வேண்டுமென்றே பிழையாகப் பேசினால் அவனது இலக்கண அறிவு குறைந்துவிடுவதில்லை. விவேகத்திலோ நிலைமை நேர்மாறு. பிறருக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தே தவறியவன், தெரியாமல் தவறியவனைவிடத் தாழ்ந்தவன்.

பந்தய விளையாட்டை இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். திரையில் ஓடுபவன் எல்லையை அறிவதற்காக வேண்டுமென்றே எல்லையைக் கடக்கிறான். இந்த வளைவை இன்னும் பத்து மைல் வேகம் கூட்டி எடுத்தால் என்ன நடக்கும்? எடுத்துப் பார்க்கிறான், மதிலில் மோதுகிறான், ஒரு பொத்தானை அமத்துகிறான், கார் புதிதாய்த் தொடக்கத்தில் நிற்கிறது. கலையைக் கற்க இதைவிட நல்ல வழி இல்லை. விமானிகளும் இத்தகைய பயிற்சிப் பொறிகளில்தான் ஆபத்துக்களைப் பழகுகின்றனர். ஆனால் இதே செய்கையை நமது வீதியில் செய்தால் அதன் பெயர் பயிற்சியல்ல, குற்றம். கைகளும் கால்களும் செய்வது ஒன்றே. மனச்சான்றின் முன் அவை இரு வேறு செயல்கள்.

1967ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் திகதி, மொனாக்கோ பந்தயத்தில் இத்தாலியரான லொறென்சோ பண்டினியின் பெராரி கார், துறைமுகத்தை அண்டிய திருப்பத்தில் மோதிக் கவிழ்ந்து தீப்பற்றியது. மூன்று நாட்களின் பின் அவர் உயிர் நீத்தார். நான் மேலே குறிப்பிட்ட விளையாட்டில் அதே மொனாக்கோ வீதி இருக்கிறது. அங்கே எத்தனையோ இளைஞர் மோதியிருப்பர். எவருடைய விரலும் சுட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உயிரிழப்பின்றிக் கற்க முடிவது நன்மையே. ஆயினும், எவரும் காயப்படாத வீதியில் கற்றவனுக்கு ஒரு பாடம் இன்னும் மீதியிருக்கிறது. அவன் தன் பிழையை அறிவான். அப்பிழையால் இன்னொருவர் படும் வேதனையை அறியான்.

மார்டன்பரோவின் வாழ்வில் இப்பாடம் கொடியதாகவே வந்தது. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் திகதி, நூர்பேர்க்றிங்கில் அவர் ஓடிய கார் ஓர் ஏற்றத்தின் உச்சியில் காற்றில் எழும்பி, வேலியைத் தாண்டிப் பார்வையாளர் பக்கம் விழுந்தது. பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் காயமுற்றனர். அவர்மீது பழி சுமத்துவது என் எண்ணமன்று. அங்கே மீண்டும் தொடங்கும் பொத்தான் இருக்கவில்லை என்பதையே சொல்லுகிறேன். 2023ஆம் ஆண்டில் அவரது வாழ்க்கை திரைப்படமானபோது, 2015இல் நிகழ்ந்த இவ்விபத்து, 2013இன் லு மான் வெற்றிக்கு முன்னே நடந்ததாகக் காட்டப்பட்டது. கதை சொல்வோருக்கு வரிசையை மாற்றும் சுதந்திரம் உண்டு என்பர். எனக்கோ அது மனதை உறுத்துகிறது. ஒரு மனிதரின் மரணம், வேறொருவர் வெற்றிக்கு ஏறும் படியாக வைக்கப்பட்டுவிட்டதல்லவா?

இக்குறையை விளையாட்டை அமைப்போரும் ஓரளவு உணர்ந்திருக்கின்றனர். 2008ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஐறேசிங்'கில், இணையத்தின் வழியே பல நாட்டவர் ஒரே பந்தயத்தில் கூடுகின்றனர். அங்கே இரு கார்கள் மோதினால், பிழை யாருடையது என்று பாராது இருவருக்கும் குற்றப்புள்ளி இடப்படும். "நான் சரியாகத்தானே ஓடினேன், எனக்கு ஏன் தண்டனை?" என்று புதியவர்கள் கொதிப்பதுண்டு. நீதிமன்றத் தீர்ப்பாகக் கொண்டால் இது அநீதியே. விவேகத்தின் பாடமாகக் கொண்டால் மிக நல்ல பாடம். தன் பக்கம் நியாயம் இருந்ததால் மட்டும் உடைந்த கால் பொருந்திவிடாது. மற்றவன் பிழை விடுவான் என எதிர்பார்த்து இடம் விடுபவனே விவேகி.

விளையாட்டுக்குள்ளும் இன்னொரு மனிதன் வந்ததும் அறம் வந்துவிடுகிறது என்பதற்கு வேறோர் உதாரணம் உண்டு. கொரோனாத் தொற்றினால் பந்தயங்கள் நின்றிருந்த 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், போர்முலா ஈ ஓட்ட வீரர்கள் வீட்டிலிருந்தே கணனியில் போட்டியிட்டனர். ஜேர்மானிய வீரர் டானியல் அப்ட் தமது பெயரில் வேறொரு தேர்ந்த விளையாட்டாளரை ஓடவைத்தார். உண்மை வெளிப்பட்டது. பத்தாயிரம் யூரோ தர்மப் பணிக்குச் செலுத்தப் பணிக்கப்பட்டார். அவுடி அணியில் தமக்கிருந்த இடத்தையும் இழந்தார். அதை வேண்டிய அளவு பொறுப்போடு எடுத்துக்கொள்ளவில்லை என அவரே ஒப்புக்கொண்டார். கார் பொய், வீதி பொய், ஏமாற்றப்பட்டவர்களோ மெய்யான மனிதர்.

பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ரியறிங்கைப் பறித்து ஒளித்து வைப்பதால் விவேகம் பிறக்காது. படிப்பையும் உறக்கத்தையும் அது விழுங்குமானால் அளவு வையுங்கள். அது உங்கள் கடமை. அதோடு, பக்கத்தில் ஒருமுறை அமர்ந்து, "எனக்கும் காட்டித் தா, தம்பி" என்று கேளுங்கள். அவன் கற்ற கலையை மதித்தால், அவன் இன்னும் கல்லாததைப் பற்றி நீங்கள் சொல்வதும் அவன் காதில் விழும்.

இளைஞரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. திரையில் பத்தாயிரம் கிலோமீற்றர் ஓடிய கை உங்களுடையதாக இருக்கலாம். நாளை மோட்டார் சைக்கிளில் ஏறும்போது அந்தக் கையை உடன் கொண்டு செல்லுங்கள். அந்தப் பொத்தானை மறந்துவிடுங்கள். நமது நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அவர்களுள் எவரும் தொடக்கக் கோட்டுக்குத் திரும்பி வந்ததில்லை.

அன்று அவ்வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது இருட்டிவிட்டது. ஒழுங்கை முடக்கு ஒன்றை அணுகியபோது, அந்தப் பிள்ளை சொன்னது நினைவுக்கு வர, நேராய் வரும்போதே வேகத்தைக் குறைத்தேன். முடக்கின் மறுபக்கத்தில், விளக்கில்லாச் சைக்கிளை உருட்டியபடி ஒரு முதியவர் நடந்து வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டு ஒதுங்கி நின்று, தலையசைத்துவிட்டுத் தம் வழியே போனார். அவருக்கு எதுவும் தெரியாது.

எவ்வாறு வேகத்தைக் குறைப்பது என்பதை எனக்குக் கற்பித்தது திரை. ஏன் குறைக்க வேண்டும் என்பதை அந்த முதியவரைக் கண்டபோதே உணர்ந்தேன். இரண்டும் சேர்ந்தால் அல்லவா நல்ல சாரதி? சிந்தித்துப் பாருங்கள்.