விரதம் யாருடையது?

புலால் உண்ணாத இல்லத்தில் ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்துவிட்டால், அதுவரை அந்த இல்லத்தாருக்குத் தோன்றியிராத ஒரு தர்மசங்கடம் சில நாட்களிலேயே தலைகாட்டிவிடுகிறது. தட்டில் வைத்த தயிர்சாதத்தில் தயிரை மட்டும் நக்கிவிட்டுப் பருக்கைகளை மூக்கால் ஒதுக்கி, எதிரே நிற்பவரின் முகத்தை அண்ணாந்து பார்க்கும் குட்டியிடம், ‘இங்கே இதுதான் உண்டு’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், கொல்லாமையைக் குலதர்மமாகப் போற்றி வந்த ஒருவர், தம்மை நம்பி வந்த உயிரின் வளர்ச்சியைக் குன்றச் செய்தேனும் அத்தர்மத்தைக் காத்துக்கொள்ளலாமா, அன்றி ஓர் உயிரைப் பேணும்பொருட்டு வேறோர் உயிரின் ஊனை விலைகொடுத்து வாங்கலாமா என்ற கேள்விக்கு அது விடையாகாது.

குட்டியின் பசி வெறும் நாச்சுவை அன்று. தாய்நாயின் பாலில் உள்ள புரதம் பசும்பாலில் உள்ளதைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. சில மாதங்களுக்குள் பன்மடங்கு பெருகவேண்டிய தசைக்கும் குருதிக்கும் உரோமத்திற்கும் அதுவே மூலதனம். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கம் வகுத்துள்ள அளவின்படி, ஈரம் நீக்கிக் கணக்கிட்ட உணவில், வளர்ந்த நாய்க்கு நூற்றுக்கு 18 பங்கு புரதம் போதும்; வளரும் குட்டிக்கோ 22.5 பங்காவது வேண்டும். அரிசியில் இருப்பது ஏறக்குறைய 7 பங்கு; தயிரைத் தாராளமாகப் பிசைந்தாலும், குட்டியின் தேவையை எட்டுவது அரிது. அளவோடு வகையும் முக்கியம். நாயின் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்கள் 10 உண்டு. அவற்றுள் ஒன்று குறைந்தாலும், மற்றவை மிகுந்திருந்து பயனில்லை. குறை நீடித்தால் குட்டியின் உரோமம் ஒளி இழக்கும், தொடைச் சதை வற்றும், வளர்ச்சி பின்தங்கும்.

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில், பீஷ்மர் யுதிஷ்டிரருக்குச் சொல்லும் கதைகளுள் ஒன்றில், வனத்தில் தவம்புரியும் முனிவரை விட்டகலாத ஒரு நாய் வருகிறது. அவரைப் போலவே கனியும் கிழங்கும் உண்டு, உபவாசத்தால் இளைத்து, சாந்தமே வடிவாக அது அவரருகில் வாழ்கிறது. சிறுத்தைக்கு அஞ்சிச் சரண்புகுந்த அதனை முனிவர் சிறுத்தையாகவும், பிறகு புலியாகவும் ஆக்க, புலியானதும் அது கனிகிழங்குகளைத் துறந்து ஊன் உண்ணத் தொடங்குகிறது. நன்றி மறந்து முனிவரையே கொல்ல நினைத்த அதனை முடிவில் அவர் மீண்டும் நாயாக்கி விரட்டிவிடுகிறார். தகுதியறிந்து பதவி தரவேண்டும் என்னும் அரசநீதிக்காகச் சொல்லப்பட்ட கதை இது. ஆயினும், அதன் தொடக்கத்தில் நிற்கும் இளைத்த நாயைக் கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை. முனிவர் இளைத்தது தாம் ஏற்ற தவத்தால். நாய் இளைத்தது அவர்மீது வைத்த பற்றினால். அந்த இளைப்பிற்கு முனிவர் கடன்பட்டவரா என்று கதை கேட்கவில்லை. குட்டியை வளர்ப்பவர் கேட்டே தீரவேண்டும்.

விரதத்திற்கு உயிர்நாடி சங்கற்பம். அறிந்து, விரும்பி, நானே ஏற்கிறேன் என்று ஒருவர் உறுதிகொள்ளும்போதுதான் உணவைத் துறத்தல் தவமாகிறது. அந்த உறுதி இல்லாத இடத்தில் அதே துறவு வெறும் பட்டினி. ஏகாதசியன்று தான் உபவாசம் இருக்கும் தாய், கைக்குழந்தைக்கும் பால் இல்லை என்று சொல்வதில்லை. சொல்லாததால் அவள் விரதத்திற்குப் பங்கமும் இல்லை.

இதைக் கேட்ட ஒருவர், ‘ஆட்டின் சம்மதத்தை யார் கேட்டார்கள்?’ என்று வினவினால் அது நியாயமான வினாவே. குட்டிக்குச் சங்கற்பம் இல்லை என்பதால் ஆட்டின் கழுத்துக்கு மதிப்பில்லாமல் போய்விடாது. நல்லவேளையாக, நாயின் ஸ்வபாவம் பூனையினுடையதைப் போன்று ஊனையே நம்பி நிற்பதன்று. மனிதரோடு வாழ்ந்த நெடுங்காலத்தில் மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை அது ஓநாயைவிட மிகுதியாகப் பெற்றுவிட்டது. அரிசியின் குறையைப் பருப்பு ஓரளவு ஈடுசெய்யும். முட்டையும் பாலாடைக்கட்டியும் சோயாவும் முறையாகச் சேர்ந்தால் ஊனின்றியும் குட்டியை வளர்க்க வழியுண்டு. வெறும் இறைச்சியை மட்டும் போட்டாலும் குட்டி தேறாது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு வளையும். முட்டையிலும் தோஷம் உண்டு. முட்டைக்கோழிகளுக்காகக் குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் ஆண் குஞ்சுகள் பெரும்பாலும் பிறந்தவுடன் அழிக்கப்படுகின்றன. கறைபடியாத கவளம் என ஒன்றைத் தேடுவோர்க்கு உலகம் இடங்கொடுப்பதில்லை. குறைந்த ஹிம்சையைத் தேடுவோர்க்கே வழி திறக்கிறது.

ஆகவே, விரதத்தின் விலையை விரதம் ஏற்றவரே செலுத்தவேண்டும் என்பது என் துணிபு. கால்நடை மருத்துவரிடம் கேட்டு, வாரந்தோறும் எடை பார்த்து, அளவறிந்து சமைத்து, பொருளும் பொழுதும் செலவிட்டு ஊனின்றி வளர்க்க முடியுமானால், அந்த உழைப்பே அவருடைய ஜீவகாருண்யம். அத்தனை முயன்றும் குட்டி தேறாவிடில், மனத்தைத் தேற்றிக்கொண்டு அதற்கு வேண்டியதை அளிக்கலாம். அதுவும் இயலாதெனில், வேறு நல்ல இல்லத்தில் அதனை ஒப்படைக்கலாம். இவற்றுள் எதையும் செய்யாமல், தயிர்சாதத் தட்டை நகர்த்திவைத்துவிட்டுத் தம் புனிதம் காக்கப்பட்டது என்று நிம்மதி கொள்பவர், கொல்லாமையின் பெயரால் தம் சோம்பலையே காத்துக்கொண்டவர் ஆவார்.