வாடை நீங்கிய ஆடையும் மாசு நீங்கா மனமும்

ஆடையைத் துவைத்தல் அறமா, மறமா என்று எவரேனும் வினவினால் நகைப்போம். அழுக்கை நீக்குதல் எக்காலத்தும் நன்றே என்போம். ஆயினும் அண்மையில் எமக்கு வந்த மடல் ஒன்று, இவ்வெளிய செயலினுள்ளும் ஆராயத்தக்க பொருள் உண்டென்று உணர்த்திற்று.

அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் பணிபுரியும் நம் அன்பர் ஒருவர் அம்மடலை விடுத்துள்ளார். அவருடைய அண்டை வீட்டார் தனித்து வாழும் முதியவர், நல்லவர், ஆண்டுதோறும் மான் வேட்டைக்குச் செல்பவர். வேட்டைப் பருவம் தொடங்குமுன் தம் பாதுகாப்பு உடைகளை வாடை சிறிதுமின்றித் துவைத்துத் தரும்படி அவர் வேண்டுகிறாராம். “கொல்லாமை பூண்ட நான் இவ்வுதவியைச் செய்யலாமா?” என்பதே அன்பரின் வினா.

முதலில் செய்தியைத் தெளிவாக அறிவோம். அம்மாநிலத்தில் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் முதன்மைப் பருவம் நவம்பர்த் திங்களில் 9 நாள் நடைபெறும். வேடர் ஒருவரையொருவர் மானென மயங்கிச் சுடாதிருக்க, இடைக்கு மேலுள்ள புறவுடையில் பாதியேனும் பளிச்சென ஒளிரும் நிறத்ததாக இருத்தல் வேண்டுமென்பது சட்டம். முன்னர் ஆரஞ்சு நிறம் மட்டுமே ஏற்கப்பட்டது. 2016இல் இளஞ்சிவப்பும் ஏற்கப்பட்டது. மரத்தின்மீது பரண் கட்டி அமர்வோர், தவறி விழாதிருக்க மார்பையும் தொடையையும் சுற்றிய வார்ப்பட்டையால் தம்மை மரத்தோடு பிணைத்துக் கொள்வர்.

மானின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் மங்கலாகவே தோன்றும். அதன் மூக்கோ மிகக் கூரியது. வியர்வை, புகையிலை, பெட்ரோல், சமையற்கட்டின் புகை, பெட்டியிலிட்ட பாச்சை உருண்டை ஆகிய எதன் வாடையும் காற்றில் சென்று அதனை எச்சரிக்கும். எனவே வேடர் மணமற்ற சோப்பினால் துவைத்து, வெளியில் காற்றாட உலர்த்தி, காற்றுப் புகாத பெட்டியில் வைப்பர். வெண்மை கூட்டும் சலவைத்தூளையும் தவிர்ப்பர். அத்தூள் துணியில் விட்டுச் செல்லும் நீல ஒளியை மானின் கண் எளிதிற் காணும்.

இப்போது ஆராய்வோம். அந்த ஆரஞ்சு உடை மனிதரை நோக்கி, “நான் இங்கிருக்கிறேன், என்னைக் கொல்லாதே” என்கிறது. வாடை நீக்கப்பட்ட அதே உடை மானை நோக்கி, “இங்கு எவருமில்லை, அஞ்சாதே வா” என்கிறது. ஒரே துணி ஓர் உயிர்க்கு மெய்யும் மற்றோர் உயிர்க்குப் பொய்யும் உரைக்கின்றது. தன்னுயிர் இனிதென்று அறிந்தவனே சட்டை அணிகிறான். அவ்வறிவு மானைக் கண்டதும் ஏன் நின்றுவிடுகிறது?

யாம் பஞ்சாலையில் பல்லாண்டு உழைத்தோம். மாலையில் திரும்புகையில் எந்திர எண்ணெயின் வாடை எம்மோடு வரும். பேருந்தில் அருகிருந்தோர் முகஞ்சுளித்து எழுந்து சென்றதுண்டு. வாடையே குற்றமென்று நாணி, மேல் எரியும்வரை சோப்பிட்டுத் தேய்த்தோம். தம்மத்தைக் கேட்ட பின்னரே தெளிந்தோம்: வாடை இழிவன்று, ‘இங்கொருவன் உழைத்தான்’ என்னும் செய்தி அது. உடலைக் கழுவினால் உடல் தூய்தாகும். எண்ணத்தைக் கழுவும் சோப்பு கடையில் இல்லை. ஆதலின் துவைப்பவன் கை எத்துணைத் தூயது என்பதன்று கேள்வி. எதன்பொருட்டுத் துவைக்கிறான் என்பதே கேள்வி.

எதிர்வாதமும் உண்டு, அதனை மறைத்தல் நேர்மையன்று. ஓநாய்கள் அருகிவிட்ட நிலத்தில் மான் பெருகினால் காட்டின் இளமரங்கள் அழியும். கடும்பனியில் மான்களும் பட்டினியால் மடியும். 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டாக்களின்மேல் பெறும் வரி காட்டுயிர்க் காப்புக்குச் செல்கிறது. மேலும், வாடையறியாத மான் அண்மையில் வரும். அண்மையில் எய்த குண்டு உடனே கொல்லும். தொலைவிலிருந்து எய்தால் மான் குற்றுயிராய் ஓடி நெடுநேரம் துடிக்கும் என்பர். இவற்றில் மெய் உண்டு. துன்பத்தைக் குறைத்தல் துன்பத்தைக் கூட்டுவதினும் மேலானதே. ஆனால் குறைந்த துன்பம் துன்பமின்மை ஆகாது. நாட்டார் கணக்குக்கு விடை கண்டாலும், ‘என் கை அதில் சேரலாமா’ என்னும் தனியொருவன் வினா எஞ்சியே நிற்கும். காசிக்கு அருகில் மான்கள் உலவிய சோலையில் முதல் அறவுரை கேட்ட மரபில் வந்த நாம், அவ்வினாவை எளிதாகத் தள்ளலாகாது.

எனவே அன்பருக்கு எம் விடை இது. வார்ப்பட்டையைத் தாராளமாகத் துவைத்துக் கொடுங்கள். மென்மையான சோப்பும் வெந்நீரல்லாத நீரும் போதும், நிழலில் உலர்த்துங்கள். வெளுப்புக் காரமும் கடுவெயிலும் நைலான் இழையை நலிவிக்கும். வாடை போக்கச் சிலர் பயன்படுத்தும் ஓசோன் காற்றும் அவ்வாறே. இழையோடு வாழ்ந்த யாம் இதனை அறிந்தே சொல்கிறோம். தையலை விரலால் தடவிப் பாருங்கள். உற்பத்தியாளர் குறித்த காலம் கடந்ததாயின் புதிது வாங்கச் சொல்லுங்கள். முதியவர் மரத்திலிருந்து வீழ்ந்து மடியாதிருக்கச் செய்வது உயிர் காத்தலே. ஒளிரும் சட்டை வெளிறியிருப்பின் அதனையும் மாற்றச் சொல்லுங்கள்.

ஆனால் மானை ஏமாற்றுதற்பொருட்டு வாடை போக்கும் வேலையை மட்டும், சினமின்றி, “ஐயா, இஃது என்னால் இயலாது” என்று வணங்கி மறுத்துவிடுங்கள். அவர் காரணம் கேட்டால் சொல்லுங்கள். கேளாவிடின் வற்புறுத்த வேண்டா. வேடனை வெறுத்து மானை நேசிப்பதும் அறமன்று. அவ்வெறுப்பும் ஒரு வாடையே.

நம் உடையைத் துவைக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, இத்தூய்மை எவ்வுயிர்க்கு அச்சம் தீர்க்கும், எவ்வுயிர்க்கு அச்சம் மறைக்கும் என்று நம்மையே கேட்போமாக. அக்கேள்வி மனத்தில் இருக்கும்வரை நம் கை தவறான பணிக்கு எளிதில் நீளாது.