சூரியன் தெற்கே திரும்பும்போது

சைவப் பெருமக்களின் வழிபாடு ஞாயிற்றின் ஓட்டத்தோடு பின்னிப் பிணைந்தது. தை முதல் ஆறு மாதம் உத்தராயணம், ஆடி முதல் ஆறு மாதம் தட்சிணாயனம் என்று சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். மனிதருக்கு ஒரு வருடம் தேவர்களுக்கு ஒரு நாள். உத்தராயணம் அவர்களின் பகல். தட்சிணாயனம் அவர்களின் இரவு. வடக்கே சென்ற சூரியன் தெற்கே திரும்பும் நாளையே மேல்நாட்டார் கோடைத் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹென்ஜ் என்னும் பழைய கல்வட்டத்தில் அன்று உதயம் காண மக்கள் கூடுவர். 2015 முதல் சர்வதேச யோகா தினமும் அந்த ஜூன் 21ஆம் திகதியிலேயே அனுட்டிக்கப்படுகிறது.

பேலியகொடையில் வாழும் எமக்கு இந்த நாள் கண்ணில் படுவது அரிது. ஜூன் மாதம் தென்மேல் பருவமழைக் காலம். களனி கங்கை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்போமே தவிர வானத்தை யார் பார்க்கிறார்கள்! பகலின் நீளமும் அதிகம் மாறுவதில்லை. கொழும்புப் பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வித்தியாசம் முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஆயினும் மழை விட்டிருந்தால், மதியம் பன்னிரண்டே கால் மணியளவில் ஆலய வெளிவீதியில் நின்று தமது நிழலை அடியார்கள் பார்க்கலாம். அது தெற்கே விழும். ஏப்ரல் முதல் வாரத்தில் உச்சிக்கு நேரே நின்ற சூரியன் அதன்பின் எமக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன் 21 அளவில் தெற்குநோக்கிய அந்த மதிய நிழல் மிக நீண்டிருக்கும். ஆறடி மனிதருக்கு இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. மறுநாள் முதல் குறையத் தொடங்கும். அதுவே சூரியன் திரும்பியதற்கு அடையாளம்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஜூன் 21 என்பது எமது கணக்கில் ஆனி 7ஆம் நாளளவில் வருகிறது. பஞ்சாங்கமோ ஜூலை 16 அல்லது 17இல் வரும் ஆடிப்பிறப்பையே தட்சிணாயன புண்ணியகாலம் என்கிறது. இடையில் ஏறத்தாழ 25 நாள். எமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து மாதம் கணிப்பது. பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று என்று மெல்லச் சுழல்வதால் அயனநாள் நட்சத்திரங்களிடையே பின்னோக்கி நகர்கிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரருக்கு இந்த நகர்வு தெரியும். முன்னைய நூல்கள் ஆயிலிய நட்சத்திரத்தின் நடுவில் தென்திருப்பம் என்றன, இப்போது அது கர்க்கடகத் தொடக்கத்தில் நிகழ்கிறது, மாறுபாடு தோன்றினால் நேரே பார்த்துத் தெளிக என்று பிருகத்சங்கிதையில் எழுதிவைத்தார்.

இதைப் பஞ்சாங்கக்காரரின் தலையிடி என்று விட்டுவிடலாம். என்னால் விட முடியவில்லை. 2012இல் என் தந்தையார் ஆனி 20ஆம் நாள் இறைபதம் அடைந்தார். "ஆடி பிறக்க முதல், உத்தராயணத்திலை போனவர், குடுத்துவைச்சவர்" என்று செத்தவீட்டுக்கு வந்த எல்லோரும் சொன்னார்கள். அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே ஆறினார். 2014 ஆடியில் அம்மாவின் தம்பி, என் மாமா, காலமானார். அதே வாய்கள் அதே வீட்டில் வேறுவிதமாகப் பேசின. "என்ரை தம்பி இருட்டிலை போட்டானே" என்று அம்மா அழுதது இன்றும் காதில் இருக்கிறது. நிழலை வைத்துப் பார்த்தால் ஐயா போனபோதும் சூரியன் திரும்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. இதை அம்மாவிடம் சொல்வது சரியா? சொல்லாவிட்டால் பொய்யில் ஆறுதல் பெற விடுகிறேன். சொன்னால் இருக்கிற ஆறுதலையும் பறிக்கிறேன்.

அம்முதுசொல்லுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. கீதையின் எட்டாம் அத்தியாயம் ஒளிவழி, புகைவழி என இரண்டைக் கூறுகிறது. பீஷ்மர் அம்புப் படுக்கையில் 58 இரவு கிடந்து உத்தராயணத்துக்குக் காத்திருந்தார். ஆனால் தட்சிணாயனத்தில் இறந்தாலும் ஞானிக்குப் பேறு குறையாது என்கிறது பிரமசூத்திரம். உரை செய்த சங்கரர், பீஷ்மர் காத்திருந்தது உலக ஆசாரத்தைப் பேணவும், தந்தை தந்த வரத்தைப் புலப்படுத்தவுமே என்கிறார். ஞானிக்குச் சொன்னது மாமாவுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். மாமா ஞானி அல்லர். கடை நடத்தினார், கடன் கொடுத்தார், கொடுத்ததைக் கேட்க வெட்கப்பட்டார். ஆனால் நாளும் கோளும் கருணைக்கு வேலி போடும் என்றால், தட்சிணாயனத்தில் நாம் ஏன் இத்தனை விழா எடுக்கிறோம்? கொழும்பில் ஆடிவேல், கதிர்காமத்தில் ஆடித் திருவிழா, நல்லூர்த் தேர், நவராத்திரி, தீபாவளி, கந்தசஷ்டி யாவும் தேவர்களின் இராப்பொழுதிலேயே.

இன்னொன்றும் உண்டு. நடராசப் பெருமானுக்கு ஆண்டில் ஆறு அபிடேகம், தேவர்களின் ஒரு நாளுக்குரிய ஆறு காலப் பூசை. மார்கழித் திருவாதிரை வைகறை. ஆனி உத்தரம் மாலைச் சந்தி. சூரியன் உண்மையில் திரும்பும் மாதத்தில் வருவது அந்த ஆனி உத்தரம். சிதம்பரத்தில் பெருமான் தேரேறும் இரு விழாக்களில் ஒன்று அது. கோடைத் திருப்பத்துக்கு எம்மிடம் விழா இல்லை என்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆடிப்பிறப்பும் கைவிடத்தக்கதன்று. அரிசிமாவும் பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கூழைப் பலாவிலையில் குடித்த பிள்ளைகளும், அதைப் பாடிய நவாலியூர் சோமசுந்தரப் புலவரும் சூரியனை அளந்துகொண்டிருக்கவில்லை. அது ஊர் கூடும் நாள். பிழை கூழில் இல்லை. அந்த நாளைக் கொண்டு இறந்தவருக்குத் தீர்ப்பு எழுதுவதிலேதான்.

சென்ற ஆண்டு ஆனி உத்தரத்தன்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நிழலையும் சங்கரரையும் சேர்த்தே. வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்ப ரெண்டுபேரும் ஒரே வழியாலைதான் போயிருக்கினம்" என்றார். ஆடி அமாவாசைக்கு முகத்துவாரத்தில் தர்ப்பணம் செய்யும்போது ஐயாவின் பெயரோடு மாமாவின் பெயரையும் சொல்லும்படி கேட்டார். சொன்னேன்.