விலை சொல்லாத பிஸ்கட்

ஒருவர் கைவேலை நன்றாக இருந்துவிட்டால் போதும், பார்ப்பவர்கள் சொல்கிற முதல் வார்த்தை, "இதை நீங்க வித்தா என்ன?" பூ தொடுப்பவர், தையல் தெரிந்தவர், ஊறுகாய் போடுபவர் யாரும் இதற்குத் தப்புவதில்லை. புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் எங்கள் குடியிருப்பில் நான் செய்கிற ஐசிங் பிஸ்கட்டைத் தின்றவர்கள் மராத்தியில் கேட்பது, "காகூ, ஆர்டர் கேதா கா?" ஆர்டர் எடுப்பீர்களா என்கிறார்கள். அன்போடு கேட்பது புரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனசு லேசாகச் சுருங்குகிறது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன்.

செய்முறையிலிருந்தே தொடங்குகிறேன். எடைக் கணக்கில் மூன்று பங்கு மைதா, இரண்டு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு பொடித்த சர்க்கரை. பேக்கிங் பவுடர் கிடையாது. போட்டால் ஓவனில் மாவு உப்பிப் பரந்து, யானை வடிவப் பிஸ்கட்டில் துதிக்கை எது, கால் எது என்று தெரியாமல் போய்விடும். ரொம்பப் பிசையவும் கூடாது, மைதாவில் பசை ஏறிச் சுருங்கும். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அப்படியே அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வெண்ணெய் இறுகினால்தான் அச்சு சுத்தமாக இறங்கும். அப்புறம் 170 டிகிரியில் 12 நிமிடம் போல. ஓரம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிடலாம்.

அச்சுக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. கடையில் நட்சத்திரம் கிடைத்தது, இதயம் கிடைத்தது, நான் தேடிய மோதகம் கிடைக்கவில்லை. மோரயா கோசாவி சமாதிக் கோயில் இருக்கிற ஊர் இது. பிள்ளையார் சதுர்த்திக்கு மோதக பிஸ்கட் கேட்காத பிள்ளை உண்டா? என் கணவருக்குப் போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் டூல் ரூம் வேலை. வாகனங்களின் தகட்டுப் பாகங்களுக்கு டை, அதாவது அச்சு, செய்வதுதான் பிழைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெல்லிய எவர்சில்வர் பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் காகிதத்தில் வரைந்த கோட்டின்மேல் வைத்து, மூக்குக் குறடால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, மோதகத்தின் மடிப்பை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். "மூலை ரொம்பக் கூர்மையா இருந்தா மாவு மாட்டிக்கும். கொஞ்சம் ரேடியஸ் குடுக்கணும்" என்று சொல்லி, முடித்த மடிப்பையெல்லாம் மறுபடி பிரித்து உருட்டினார். ஜாப் கார்டு இல்லாமல் அவர் செய்த டை அது. முடிக்கிற வரை ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ராயல் ஐசிங் எனப்படும் இந்த ஐசிங்குக்கு வழக்கமாக முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சர்க்கரையும் வேண்டும். எங்கள் மாடியில் முட்டை தொடாதவர்கள் நிறைய. அதனால் கொண்டைக்கடலை வெந்த தண்ணீரைச் சுண்டவைத்து அடிக்கிறேன், வெள்ளைக்கரு மாதிரியே நுரைத்து எழும்புகிறது. கெட்டி ஐசிங்கால் முதலில் ஓரக்கோடு போட்டுவிட்டு, உள்ளே இளக்கமான ஐசிங்கை விட்டு, பல்குச்சியால் மூலைவரை இழுத்துக் குமிழிகளை உடைக்க வேண்டும். கரண்டியால் எடுத்து விட்டால், விழுந்த தடம் பத்துப் பதினைந்து விநாடியில் மறைய வேண்டும். அதுதான் பதம். அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க வைத்தாலும் விரலில் ஒட்டும். புனேயின் டிசம்பர் வறண்ட குளிரில் சீக்கிரமே ஓடு மாதிரி காய்ந்துவிடும்.

இந்தக் கலையில் உச்சத்துக்குப் போனவர் இதே புனேயில் இருக்கிறார். பிராச்சி தபல் தேப், இங்கிலாந்தில் எட்டி ஸ்பென்ஸிடம் ராயல் ஐசிங் கற்றவர். முட்டையில்லாத ராயல் ஐசிங்கில் மிலான் தேவாலயத்தையே 100 கிலோ எடையில் எழுப்பினார். 2022இல் அது லண்டனின் வேர்ல்ட் புக் ஆஃப் ரெக்கார்ட்ஸில் இடம்பெற்றது. முழுநேரத் தொழிலாகக் கொண்டவருக்கே அந்த உயரம் கைகூடும். இங்கே மாநகராட்சி நடத்தும் பவனாதடி ஜத்ராவுக்குப் போனால் மகளிர் சேமிப்புக் குழுக்களின் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே விற்கிற ஒவ்வொரு பொட்டலத்துக்குப் பின்னாலும் ஒரு வீட்டின் பள்ளிக் கட்டணமோ வாடகையோ இருக்கிறது. விற்பதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். தன் கையால் சம்பாதித்த பணம் ஒரு பெண்ணின் குரலையே மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் விற்றால்தான் அந்த வேலைக்கு மதிப்பு என்கிற நினைப்பு என்னை உறுத்துகிறது.

தீபாவளிக்கு இந்த ஊரில் ஃபராள் என்று பலகாரத் தட்டு வீடு வீடாகப் போகும். சிவ்டா, சக்லி, கரஞ்சி, சங்கர்பாளி. நம் ஊரில் முறுக்கும் அதிரசமும் போவது போலத்தான். நான் பிஸ்கட் வைத்து அனுப்பிய தட்டு சக்லியோடு திரும்பி வரும். கீழ்வீட்டு ஆஜி (பாட்டி) சொல்வார்: அவர் இளம்பிராயத்தில் மைதா, டால்டா, சர்க்கரை எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போய், நான்கட்டாய் சுட்டு வாங்கிவருவார்களாம். பேக்கரிக்காரருக்குச் சுட்டுத்தந்த கூலி மட்டும். அந்த நான்கட்டாய் எந்தெந்த வீட்டுக்குப் போயிற்று, அங்கிருந்து என்ன வந்தது என்று ஆஜிக்கு இன்னமும் நினைவிருக்கிறது. காசு கொடுத்து வாங்கியிருந்தால் அன்றோடு கணக்குத் தீர்ந்திருக்கும். தட்டு மாற்றுகிற வீடுகளுக்குள் கணக்குத் தீர்வதே இல்லை. யாரோ ஒருவர் எப்போதும் பாக்கி வைத்திருக்கிறார், அந்தப் பாக்கியால்தான் உறவு ஓடுகிறது.

ஆர்டர் என்று வந்துவிட்டால் பிஸ்கட்டும் மாறிவிடும். அறுபது கேட்டால் அறுபதும் ஒரே அச்சாக இருக்க வேண்டும், அவர்கள் அனுப்பிய படத்தில் உள்ள நிறமே வர வேண்டும். காசு தருகிறவர் அப்படி எதிர்பார்ப்பது நியாயம்தான். போன சதுர்த்திக்கு மாடிப் பிள்ளைகளை உட்காரவைத்து ஆளுக்கொரு ஐசிங் பையைக் கொடுத்தேன். ஒரு பையன் மோதகம் முழுக்கக் கறுப்பைப் பூசி, நடுவில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி வைத்தான். என்னப்பா இது என்றால், "ராத்திரி மோதகம். விளக்கு மட்டும் எரியுது" என்றான். ஆர்டர் பெட்டியில் அதை வைக்க முடியுமா?

நாள் முழுக்க எண்ணிக்கையில் ஓடுகிற ஊர் இது. ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ், இத்தனை ரிஜெக்ட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஆண்களும் பெண்களும் வீடு திரும்புகிறார்கள். வீட்டு அடுக்களையிலும் அதே நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால், எண்ணாமல் செய்வதற்கு வேறு இடமே கிடையாது. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி இருக்கிறவர்களாவது ஒரே ஒரு வேலையை விலை போடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. பாட்டாக இருக்கலாம், தோட்டமாக இருக்கலாம். எனக்குப் பிஸ்கட்.

உங்களிடம் கேட்பது இரண்டே. வீட்டிலிருந்து கேக்கும் பிஸ்கட்டும் செய்து விற்கிற பெண்களிடம் பேரம் பேசாதீர்கள். ஐசிங் காயக் காத்திருந்த இரவும் சேர்த்துத்தான் அவர்கள் விலை சொல்கிறார்கள், முழுசாகக் கொடுத்துவிடுங்கள். ஆசைக்குச் செய்து தட்டில் வைத்துக் கொடுப்பவரிடம் ஆர்டர் எடுப்பீர்களா என்று கேட்காதீர்கள். பிடித்திருந்தால் இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.