மன்னிப்பது மறப்பதாகுமா?

அநியாயத்துக்கு ஆளானவனைப் பார்த்து, "நடந்ததை மறந்துவிடு" என்று நாம் சுலபமாகப் புத்தி சொல்லிவிடுகிறோம். மறந்தால்தான் மன்னித்ததாக ஆகுமா? அன்பர்களே, கோளங்களின் மேல் விழுந்த பழைய அடிகளை ஆராய்ந்தால் இதைப் பற்றிச் சிந்திக்க ஒரு வழி பிறக்கிறது.

சூரியனுக்கு மிக அருகிலுள்ள பாறைக் கோளம் புதன். 1974-ஆம் ஆண்டில் மாரினர் 10 என்னும் விண்கலம் அனுப்பிய படங்களில் காலோரிஸ் என்ற மாபெரும் பள்ளத்தின் ஒரு பகுதி தென்பட்டது. அதன் குறுக்களவு சுமார் 1,550 கிலோமீட்டர். 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஒரு பெரும் விண்பாறை மோதிய வடு அது. எரிமலைக் குழம்பு பாய்ந்து அதன் அடித்தளத்தை நிரப்பிய பின்னும், சுற்றியுள்ள மலை வளையம் இன்றும் நிற்கிறது.

பூமியும் அடிபடாமல் தப்பவில்லை. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய மெக்சிக்கோவின் யூகட்டான் கரையில் ஒரு விண்பாறை விழுந்தது. உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அழிந்தன. சுமார் 180 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளம் இன்று கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புப் பாறை படிந்து அதை மூடிவிட்டது. எண்ணெய் தேடித் துளையிட்டபோது கிடைத்த பாறைகளையும், ஈர்ப்பு அளவுகளையும் கொண்டு 1991-இல்தான் அறிஞர்கள் அதன் உண்மையை விளக்கினார்கள். அதன் விளிம்பை ஒட்டி நன்னீர்க் கேணிகள் வளையமாக அமைந்துள்ளன. மாயா மக்கள் அந்த நீரைப் பருகி வாழ்ந்தார்கள்.

பூமி எதையும் மறக்கவில்லை. அடியில் உடைந்த பாறை அப்படியே இருக்கிறது. மேலே வாழ்வு தழைக்கிறது. மன்னிப்பும் இத்தகையதே. நினைவு உள்ளே இருக்கலாம். அது வாழ்வை வறளச் செய்யக்கூடாது.

இதைக் கொண்டு, கல் விழுந்ததே நன்மைக்குத்தான் என்று எவரும் வாதாட வேண்டாம். மாண்ட உயிர்கள் மீண்டு வரவில்லை. பின்னால் விளைந்த நன்மையைக் காட்டித் தீங்கிழைத்தவன் தப்பித்துக்கொள்ள முடியாது.

புதனைப் பழிப்பதும் நியாயமன்று. அங்கே மழையில்லை, ஆறில்லை, அலையில்லை. மழை காணாத மண்ணைப் பார்த்து, "உன் வடு ஏன் இன்னும் மறையவில்லை?" என்று கேட்கலாமா?

நம்மிடையே மனம் ஆறாமல் இருப்பவர்களுக்கு உபதேசம் செய்வதற்கு முன், அவர்களுக்கு நியாயம் கிடைத்ததா, ஆதரவான ஒரு சொல்லாவது கிடைத்ததா என்று விசாரிப்போமாக. மறக்கச் சொல்வது எளிது. மழையாக இருப்பதே நம் கடமை.