வீர நாயகியரும் நாமும்

சரித்திர நவீனம் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் அது ஒருவர் கையில் நிலைத்திருப்பதில்லை. வாப்பா படித்து வைத்ததை உம்மா எடுக்கிறார். உம்மா அடுக்களைக்குச் சென்ற நேரம் பார்த்து மகள் எடுத்துக்கொள்கிறாள். மூவரும் வெவ்வேறு வயதினர், வெவ்வேறு சுவையினர். ஆயினும், புரவியேறி, வாளேந்தி, அரசவையின் முன் அஞ்சாது நிமிர்ந்து நிற்கும் இளநங்கை ஒருத்தி கதையில் தோன்றியதும் மூவருடைய உள்ளமும் ஒருங்கே பூரிக்கின்றது. இப்பூரிப்பு எங்கிருந்து பிறக்கிறது? அது நம்மை உயர்த்துகிறதா, அன்றி மகிழ்வித்துவிட்டு மறைந்துபோகிறதா? சற்றே சிந்திப்போம்.

நாம் சொல்ல எண்ணி விழுங்கிய சொற்களை அவள் சொல்லிவிடுகிறாள். நாம் தலைகுனிந்து நின்ற இடத்தில் அவள் தலைநிமிர்ந்து நிற்கிறாள். அவளுடைய துணிவை இரவல் பெற்றுச் சில நாழிகை நாமும் வீரர்களாகி விடுகிறோம். இதில் பிழையொன்றும் இல்லை. ஆனால், இந்த இன்பத்திற்கு விலை ஏதும் கேட்கப்படுவதில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். அவள் எதிர்த்து நிற்பது என்றோ மடிந்த மன்னனை. உடைப்பது என்றோ தகர்ந்த கோட்டையை. நம் வீட்டுக் கதவை அவள் தட்டுவதில்லை. ஆகவேதான் அவளை நாம் அச்சமின்றிக் கொண்டாடுகிறோம்.

சரித்திரம் அவ்வளவு எளிதாக நம்மை விட்டுவிடுவதில்லை. சுல்தான் இல்துத்மிஷ், தம் புதல்வர் இருக்கவும், ஆட்சிக்குத் தகுதியுடையவர் மகள் ரஸியாவே என்று கண்டு அவரையே வாரிசாகக் குறித்தார். தந்தை 1236-இல் மறைந்ததும் பிரபுக்கள் அவ்விருப்பத்தை ஒதுக்கி, மகன் ருக்னுத்தீனை அரியணையில் அமர்த்தினர். சில மாதங்களிலேயே அவ்வாட்சி சீர்குலைந்தது. டில்லி மக்களின் துணைகொண்டு ரஸியா அரியணை ஏறினார். அநீதிக்கு ஆளானோர் வண்ண ஆடை உடுத்தி வந்து முறையிடலாம் என்பது தந்தை வகுத்த வழக்கம். அந்த ஆடையோடு ரஸியா மக்கள் முன் நின்று நீதி கேட்டார் என்று அடுத்த நூற்றாண்டில் வந்த இப்னு பதூதா எழுதுகிறார். அவர் கையில் அன்று வாள் இல்லை. முறையீடு ஒன்றே இருந்தது.

அவருடைய ஆட்சியைக் கண்ணால் கண்ட வரலாற்றாசிரியர் மின்ஹாஜுஸ் ஸிராஜ். அறிவு, நீதி, கொடை, குடிகளைப் பேணும் பண்பு, படை நடத்தும் ஆற்றல் என்று ஓர் அரசருக்குரிய அத்தனை சிறப்புகளையும் ரஸியாவிடம் எண்ணிக் காட்டுகிறார் அவர். காட்டிவிட்டு, ஆணாகப் பிறவாதபோது இவையெல்லாம் என்ன பயன் தந்தன என்று இரங்குகிறார். 1240-இல் பிரபுக்கள் கிளர்ந்தெழுந்து ரஸியாவைச் சிறைப்படுத்தினர். மீண்டும் டில்லியை அடைய முயன்று தோற்றார். அவருடைய படையினரே அவரைக் கைவிட்டனர். அதன்பின் கைத்தல் அருகே கொல்லப்பட்டார்.

அகமத்நகரின் சாந்த் பீபியை எடுத்துக்கொள்வோம். 1595-இல் இளவரசர் முராதின் தலைமையில் முகலாயர் படை கோட்டையைச் சூழ்ந்தது. வெடிவைத்துத் தகர்த்த மதிலின் பிளவில் அவரே வாளுடன் வந்து நின்றார். இரவோடிரவாக அப்பிளவை அடைக்கச் செய்தார். கதைகள் பெரிதும் விரும்புவது இளநங்கையரை. சாந்த் பீபியோ அப்போது நாற்பதைக் கடந்தவர். 1580-இல் கணவரை இழந்து, பீஜப்பூரில் சிறுவன் ஒருவனின் பொருட்டு அரசைக் காத்து, பிரபுக்களின் பூசல்களில் அடிபட்டுப் பக்குவம் எய்தியவர். அவருடைய வீரம் இளமையின் வேகமன்று. நெடுநாள் பொறுமையின் கனி. அவரும் பகைவர் வாளுக்கு இரையாகவில்லை. 1600-இல் முகலாயரோடு உடன்பாடு காண முயன்றபோது, துரோகி என ஐயுற்று அவருடைய வீரர்களே அவரைக் கொன்றனர்.

இருவர் வாழ்விலும் நம்மை உறுத்த வேண்டியது இதுவே. அவர்களை வீழ்த்தியதில் வெளிப்பகைவரினும் பெரும்பங்கு அவர்களைச் சூழ்ந்திருந்தோருடையது. இந்த இடத்தைக் கற்பனை பெரும்பாலும் விரைந்து கடந்து செல்கிறது. 1983-இல் வெளிவந்த இந்தித் திரைப்படமும் ரஸியாவின் நீதியைவிட யாகூத்தின் மீது அவர் கொண்டதாகச் சொல்லப்படும் காதலையே முன்னிறுத்தியது. அக்காலத்தவரான மின்ஹாஜ் அத்தகைய காதல் எதனையும் கூறவில்லை.

ஆதலால் சரித்திரக் கதைகளை விலக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அவையின்றேல் இப்பெயர்களே பலருடைய செவியை எட்டியிரா. ஆனால் நூலை மூடியபின் ஒரு வினாவை நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்: அன்று டில்லியில் வாழ்ந்திருப்பின், நாம் முறையீட்டைச் செவியேற்ற மக்களோடு நின்றிருப்போமா, பிரபுக்களோடு நின்றிருப்போமா?

இதற்கு விடை காண ஏழு நூற்றாண்டுகளைக் கடந்து பின்னோக்கிச் செல்ல வேண்டியதில்லை. அந்நூலைப் படித்து முடித்த மகள், “வாப்பா, நான் மேலே படிக்கட்டுமா?” என்றோ, “இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம்” என்றோ தயங்கித் தயங்கிச் சொல்லும் வேளை ஒன்று வரும். அவள் கையிலும் வாள் இல்லை. முறையீடு ஒன்றே உண்டு. கதை நாயகியின் துணிவைக் கண்டு பூரித்த நாம், அவ்வேளையில் முகம் சுளிக்காமல் அவள் சொல்வதை முழுதும் கேட்போமாயின், படித்த கதை பயன் தந்தது என்று கொள்ளலாம்.