எதிரொலியும் பதிலும்

கோவையில் பம்ப்செட்டுகளுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் சின்னப் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். கிணற்று மோட்டாரைக் கைப்பேசியிலிருந்தே போட வேண்டும் என்று விவசாயிகள் கேட்க ஆரம்பித்ததும் ஈஎஸ்பி-01 என்ற வைஃபை மாட்யூல் என் மேசைக்கு வந்தது. தபால்தலை அளவு, எட்டே கால்கள், 3.3 வோல்ட் மின்சாரம். அதனிடம் எழுத்தால் பேசலாம். கணினியில் 115200 வேகம் வைத்து, 'ஏடி' என்று தட்டி என்டர் அழுத்தினால் 'ஓகே' என்று வரும். 'ஏடி' என்பது 'கவனி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்து. 1981-இல் ஹேஸ் மோடத்தோடு வந்த வழக்கம்.

ஒரு நாள் சாயங்காலம் 'ஏடி' தட்டினேன், திரையில் 'ஏடி' வந்தது. 'ஓகே' வரவில்லை. எழுத்து வருகிறதே, உயிர் இருக்கிறது என்று நம்பி இரண்டு மணி நேரம் தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால், யூஎஸ்பி மாற்றியின் அனுப்பும் காலும் வாங்கும் காலும் ஈயத் துளியால் ஒட்டிக் கிடந்தன. மாட்யூலுக்கு மின்சாரமே போகவில்லை. என் எழுத்துதான் எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பா போன பிறகு, காங்கேயம் பக்கத்து ஊரிலிருந்து அம்மாவை இங்கே கூட்டி வரலாமா என்று பேரூர்க் கோயிலில் நின்று கேட்டது நினைவுக்கு வந்தது. 'கூட்டிக்கொண்டு வா' என்று நெஞ்சில் தெளிவாக விழுந்தது. ஈசன் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். அது யார் குரல்?

உள்ளே ஒலிப்பதுதான் அவன் குரல் என்பார்கள். உயிரைவிட்டு அவன் பிரிவதில்லை என்று சைவ சித்தாந்தமும் சொல்கிறது, நானும் அதை நம்புகிறேன். ஆனால் அதே சித்தாந்தம் உயிரும் அவனும் ஒரே பொருள் என்று சொல்வதில்லை. பிரியாமல் இருந்தாலும் அவன் வேறு, நான் வேறு. அப்படியானால் என் விருப்பத்துக்கு என் நெஞ்சே தலையாட்டுவதை எப்படி அவன் பதில் என்று சொல்வேன்?

சரியாக இருக்கும் மாட்யூலும் முதலில் நாம் தட்டியதைத்தான் திருப்பிக் காட்டும். 'ஏடிஈ0' என்று கட்டளை கொடுத்தால் அந்த எதிரொலி நின்றுவிடும். அப்புறம் தட்டுவது திரையில் தெரியாது, இருட்டில் பேசுவது போல இருக்கும். அருகிலுள்ள வைஃபைகளைத் தேடச் சொல்லும் கட்டளையை அப்படித்தான் தட்டினேன். பக்கத்து லேத் பட்டறையின் பெயர் வந்தது, எதிர்வீட்டு மாடியின் பெயர் வந்தது. எதுவும் நான் தட்டியதல்ல. மறுமுனையில் ஒன்று இருக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

பெரிய புராணத்தில் சுந்தரர் மணக்கோலத்தில் இருக்கிறார். ஒரு கிழவர் ஓலையோடு வந்து, 'நீ எனக்கு அடிமை' என்கிறார். கல்யாணம் நின்றுபோகிறது, சுந்தரர் கோபத்தில் பித்தன் என்று ஏசுகிறார். அவர் ஆசைப்பட்டதில் எதுவுமே அந்த ஓலையில் இல்லை. வந்தவன் ஈசன்தான் என்று நான் நம்புவது அதனால்தான்.

அம்மா இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. பெரும்பாலும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். கோயிலில் கேட்டேனே தவிர அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூக்கம் வராத அந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பதிலையும் நானே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு, 'உனக்கு எங்கம்மா இருக்கோணும்?' என்று மட்டும் கேட்டேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, 'இந்நேரம் முருங்கை காச்சுத் தொங்கும் கண்ணு, ஆரு பறிக்கறாங்களோ' என்றாள்.